வகுப்பும் அதன் வாயில்களும்

கணினிக்குரிய செய்நிரல்களை ஆக்கும் முறைகளுள் இன்று பெரிதும் கையாளப்படுவனவற்றுள் ஒன்று பொருள்நோக்கு முறையாகும். இதன்கண் தரவுகளும் அவற்றின்மேல் நிகழும் செயல்களும் ஒருங்கு தொகுக்கப்பட்டு ‘வகுப்பு’ எனப் பெயர்பெறும். அவ்வகுப்பின் உறுப்புக்களை இன்னார் அணுகலாம், இன்னார் அணுகலாகாது என வரையறுப்பதன் பயனை ஈண்டு ஆராய்வாம்.

நமது அரியாலையிலே வேலியடைத்த வளவொன்றை நோக்குக. படலையைத் திறந்து வருவார் எவரும் விறாந்தைவரை வரலாம்; அடுக்களையினுள் உறவினர் புகுவர்; பெட்டகத்தைத் திறப்போர் வீட்டாரே. சி++ மொழியிலும் இங்ஙனம் மூன்று நிலைகள் உள. ‘பப்ளிக்’ எனக் குறித்த உறுப்பை நிரலின் எப்பகுதியும் அணுகலாம். ‘புரொடெக்டட்’ என்பதை அவ்வகுப்பும் அதன் வழித்தோன்றும் வகுப்புக்களும் அணுகலாம். ‘பிரைவேட்’ என்பதை அவ்வகுப்பும், அது வெளிப்படையாக நட்புரிமை நல்கியவையுமே அணுகலாம். இவ்வரம்பை மீறிய நிரலைத் தொகுப்பான் ஏற்காது மறுத்துவிடும்.

இதன் பயனை நம் நாட்டு நிகழ்வொன்றால் உணரலாம். இலங்கைத் தேசிய அடையாள அட்டையின் எண் முன்னர் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்டிருந்தது. முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களாம். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் எண்ணோ 12 இலக்கங்கள் உடையது. அதிலே பிறந்த ஆண்டு முழுமையாக நான்கு இலக்கங்களில் நிற்கும்.

ஒரு செய்நிரலில் அட்டை எண் ‘பப்ளிக்’ ஆக இருந்ததெனக் கொள்வோம். வயதை வேண்டிய ஒவ்வொரு பகுதியும் முதலிரு இலக்கங்களைத் தானே எடுத்து, முன்னே 19ஐச் சேர்த்துக் கணித்திருக்கும். புதிய எண் வந்ததும், 2000ஆம் ஆண்டிற் பிறந்த மாணாக்கன் 1920இற் பிறந்தவனாவான். 16 வயதினன் 96 வயதினனாவான். அத்தகைய பகுதிகள் நூறு இருப்பின் நூற்றையும் தேடித் திருத்தல் வேண்டும். ஒன்று விடுபடினும் யாரோ ஒருவருடைய விண்ணப்பம் தவறாக மறுக்கப்படலாம். மாறாக, எண்ணைப் ‘பிரைவேட்’ ஆக்கிப் ‘பிறந்த ஆண்டு’ என்னும் செயலை மட்டும் ‘பப்ளிக்’ ஆக வைத்திருப்பின், ஆண்டைக் கணிக்கும் முறையைத் திருத்த வேண்டிய இடம் ஒன்றேயாம். எண்ணின் அமைப்பு மாறினும் பிற பகுதிகள் கேட்கும் வினா மாறாதன்றோ?

மாறக்கூடிய முடிபுகளை ஒவ்வொரு பகுதியினுள்ளும் மறைத்து வைத்தல் வேண்டும் என்னும் இக்கொள்கையை டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர் 1972ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார்.

எனினும் இரண்டு உண்மைகள் மனங்கொள்ளத்தக்கன. உறுப்புக்களைப் ‘பிரைவேட்’ ஆக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் உள்ளவாறே எடுத்து வழங்கும் செயல்களையும் அமைப்போர், வேலியடைத்துப் படலையைத் திறந்து விட்டவராவர். மேலும், இவ்வரையறை கள்வரைத் தடுக்கும் பூட்டன்று. உடனுழைப்போர் அறியாது செய்யும் பிழைகளைத் தடுக்கும் வேலியேயாகும். ஆதலின் நிரல் பயிலும் மாணாக்கர் ஓர் உறுப்பைப் ‘பப்ளிக்’ ஆக்குமுன், நாளை இதன் அமைப்பு மாறின் எத்தனை இடங்களைத் திருத்த நேரும் என வினாவிப் பார்த்தல் நன்று.