மலையேறிய மெஷின் ஏன் புகைக்கிறது?

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள பூண்டியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். திண்டுக்கல்லில் பழைய செயின் சா ஒன்றைப் பார்த்தாராம். கடைக்காரர் கயிற்றை இழுத்ததும் பட்டென்று பிடித்துக்கொண்டது. ஒரு வேப்பங்கட்டையை அறுத்தும் காட்டியிருக்கிறார். பணத்தைக் கொடுத்து மெஷினை ஜீப்பில் ஏற்றி, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் கடந்து வீட்டில் இறக்கினால், அதே மெஷின் புகை கக்குகிறது, முக்குகிறது, தைலமரக் கட்டையில் வைத்தால் நின்றேபோகிறது. “நான் ஏமாந்துவிட்டேனா?” என்று கேட்கிறார்.

அநேகமாக இல்லை. கடைக்காரர் காட்டியதும் உண்மை, இவர் பார்ப்பதும் உண்மை. நடுவில் மாறியது காற்று.

பூண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. செயின் சாவின் கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது. திண்டுக்கல்லில் வைத்த திருகுக்கு எவ்வளவு பெட்ரோல் விட வேண்டுமோ, ஏறக்குறைய அதே அளவைத்தான் பூண்டியிலும் விடும். காற்று குறைந்து பெட்ரோல் குறையாவிட்டால் என்ன ஆகும் என்பது, கரண்ட் இல்லாத இரவுகளில் அரிக்கேன் விளக்கு ஏற்றிப் படித்த என் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திரியை ஒரு விரற்கடை கூடுதலாக ஏற்றினால் வெளிச்சம் கூடாது, சிம்னிதான் கரி பிடிக்கும். இங்கே கரி பிடிப்பது பிளக்கும் சைலன்சரும்.

தீர்வு ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரில் இருக்கிறது. கார்ப்பரேட்டரின் பக்கத்தில் ‘எல்’, ‘எச்’ என்று இரண்டு திருகுகள் இருக்கும். முதலாவது மெதுவோட்டத்துக்கு, இரண்டாவது முழு வேகத்துக்கு. மலையேறிய மெஷினுக்கு ‘எச்’ திருகைக் கடிகாரம் சுற்றும் திசையில் எட்டில் ஒரு சுற்று போல மெல்ல மெல்ல மூட வேண்டும். காதுதான் அளவுகோல். வெறுமனே முழுதாக முறுக்கும்போது சத்தம் கொஞ்சம் குழறலாக, உடைந்து உடைந்து வர வேண்டும். கட்டையில் இறங்கியதும் அந்தக் குழறல் தெளிந்து ஒரே சீராக வேண்டும். வெறும் ஓட்டத்திலேயே கீச்சென்று தெளிவாகக் கத்தினால் மூடியது அதிகம், உடனே திறந்துவிடுங்கள். திருகு எவ்வளவு சரியாக இருந்தாலும், மெல்லிய காற்றால் இழந்த சக்தி இழந்ததுதான். அதைக் கடைக்காரரிடம் போய்க் கேட்க முடியாது.

புகைக்கிற மெஷினைவிட எனக்குப் பயம் தருவது இதற்கு நேர் எதிரான பயணம். மலையில் நன்றாக டியூன் செய்த மெஷினை, பழனியில் மச்சானுக்குத் தென்னை அறுக்க வேண்டும் என்று கீழே கொண்டுபோவார்கள். அங்கே காற்று கனம், பெட்ரோல் போதாது. மெஷின் முதலில் பிரமாதமாக ஓடும், வேகமும் கூடியதுபோல் இருக்கும். இந்த இன்ஜினில் ஆயில் தனியாக ஊற்றுவதில்லை, பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, சூடு மட்டும் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புகைக்கிற மெஷின் அழுக்காகத்தான் ஆகும். இது செத்தே போகும். விலை கூடிய சில மாடல்கள் இந்தக் கலவையைத் தாமே சரிசெய்துகொள்ளும். சில சிறிய மாடல்களில் திருகவே இடமிருக்காது. மேலும் கீழும் போய்வருகிறவர்கள் வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கார்ப்பரேட்டரைப் பற்றிப் பேச்செடுத்தால் என்னால் சீக்கிரம் முடிக்க முடியாது. பைக்கைச் சாய்த்துப் போட்டால் பெட்ரோல் வழியும். செயின் சாவைக் குப்புற, மல்லாக்க, பக்கவாட்டில் எப்படிப் பிடித்தாலும் ஓடும். பைக் கார்ப்பரேட்டரில் மிதவை இருக்கிறது. இதில் அதற்குப் பதிலாக ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய, மெல்லிய ரப்பர் சவ்வு. இன்ஜின் உறிஞ்சும்போது அது உள்வாங்கி ஊசியைத் திறக்கும், விட்டால் மூடும். மேல் கீழ் என்ற பேதம் அதற்கு இல்லை. ஜெர்மனியில் ஸ்டில் கம்பெனி 1929-இல் செய்த முதல் பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. இரண்டு ஆள் பிடிக்க வேண்டும். ஒரு ஆள் தூக்கி எந்தக் கோணத்திலும் அறுக்கும் கருவியாக அது மாறியதில் இந்தச் சவ்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

பழைய மெஷின்களில் முதலில் சாவதும் இதுதான். விறைத்துப்போன சவ்வுதான் ‘ஸ்டார்ட் ஆகுது, முறுக்கினா நின்னுடுது’ என்ற புகாரின் வழக்கமான காரணம். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பரையும் கெடுக்கும். மேல்மலையின் மூடுபனியில், பாதி டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும் மெஷினுக்கு வேறு எதிரி வேண்டாம். வேலை முடிந்து சில வாரம் எடுக்கமாட்டோம் என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். ஆயில் கலவையும் மெஷினுக்கு மெஷின் மாறும். பெரிய பிராண்டுகள் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கேட்கும். விலை குறைந்த சீன வார்ப்புகளுக்குப் பெரும்பாலும் 40 மில்லி.

பழசு வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியதற்கு வருகிறேன். போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே யாரோ ஓட்டிச் சரிபார்த்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று டீ குடிக்கப் போங்கள். ஆறியபின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். கம்ப்ரஷன் இருந்தால் விட்டு விட்டு, மெதுவாக இறங்கும். சரசரவென்று விழுந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. பிறகு சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள், சில திருகுகள்தான். டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். வழவழப்பாக இருந்தால் பேரம் பேசலாம். மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கழற்ற மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான். ஓட்டிப் பார்க்கும்போது, செயின் ஓடும் பாரின் முனையை ஒரு பழைய செய்தித்தாளுக்கு மேலே நீட்டி முறுக்குங்கள். செயின் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். செயின் பிரேக் விழுகிறதா என்றும் பாருங்கள். நன்றாகச் சூடேறிய பின் அணைத்து, மறுபடி பிடிக்கிறதா என்பது கடைசிப் பரீட்சை. பல மெஷின்கள் தோற்பது அதில்தான்.

புதிதாக ஆறேழாயிரத்துக்குக் கிடைக்கும் 58 சிசி மெஷின்களை ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். வருடத்தில் சில தடவை விறகு அறுக்கும் விவசாயிக்கு அது போதும், உதிரியும் எளிதாகக் கிடைக்கும். நட்டுகளை ஒருமுறை இறுக்கி, பெட்ரோல் குழாயையும் பிளக்கையும் நல்லதாக மாற்றிவிட்டால் உழைக்கும். எனக்குக் கோபம் வேறிடத்தில். இன்ஜின் பெரிதாக வேண்டும், பார் 22 அங்குலம் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம்; மரத்தை அறுக்கும் செயினுக்கு மட்டும் நூறு ரூபாய் செலவழிக்க மனம் வருவதில்லை. பூண்டுக்கொல்லை சேற்றில் இழுத்துவந்த வாட்டில் கட்டையை மண்ணோடு அறுத்தால், ஒரே அறுப்பில் பல் மழுங்கும். தூளைப் பாருங்கள்: செதில் செதிலாக விழுந்தால் பல் நலம், மாவாகப் பறந்தால் மழுங்கல். மழுங்கிய செயினை அழுத்தி அறுக்கிறவர் தன் இடுப்பையும் இன்ஜினையும் சேர்த்துத்தான் தேய்க்கிறார்.

உருண்டை அரம் ஒன்று வாங்குங்கள். இந்த மெஷின்களில் வழக்கமாக வரும் .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம், முப்பது டிகிரி சாய்வு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் ராவுதல். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டை மேடு நிற்கும். பல் எவ்வளவு கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அந்த மேடுதான். பல்லைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பலமுறை ராவிப் பல் தேய்ந்தும் மேட்டைத் தொடாமல் விட்டால், கூர்மை இருந்தும் மெஷின் வழுக்கும். ஆத்திரத்தில் அதிகம் ராவிவிட்டாலோ கடித்து இழுத்து எகிறும்.

செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அதில் இருக்கும் உலோகத் துகள் ஆயில் பம்பை அரிக்கும். அதைவிட, செயின் ஆயில் திரும்பி வருவதே இல்லை. ஊற்றிய முழுவதும் மண்ணுக்கும் மரத்தூளுக்கும் போகிறது. மேல்மலையில் ஓடைத் தண்ணீரைக் கேரட் கழுவவும் குடிக்கவும் எடுக்கிறோம். அந்த ஓடைக்கரையில் கறுப்பு ஆயிலைத் தெளிப்பதை எந்தச் சிக்கனக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பார் முனையின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் திரும்பும். கை தடுக்கும் முன் வந்துவிடும். கைலியும் செருப்புமாக நின்று அறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. செயின் தடுப்புக் கால்சட்டை என்று ஒன்று விற்கிறது. உள்ளே நீளமான இழைகள். செயின் பட்டதும் அவை உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். பழைய மெஷின் வாங்கி மிச்சம் பிடித்த பணத்தில் முதலில் இதை வாங்குங்கள். சாய்ந்த மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கொடைக்கானல் சாலைகளில் மரங்களைச் சாய்த்தபோது, வழி திறந்தவை இந்த ரம்பங்கள்தான். அப்படி வேரோடு சாய்ந்த மரம் நிற்கும் மரத்தைவிட ஆபத்தானது. அடிமரத்தை அறுத்ததும் வேர்த்தட்டு சட்டென்று நிமிரும். பழகாதவர்கள் அதில் கை வைக்கக் கூடாது.

கடைசியாக, மெஷின் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக எந்த மரத்தையும் அறுத்துவிட முடியாது. தமிழ்நாடு மலைப்பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டம் 1955-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. உங்கள் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்துக்கும் மாவட்டக் குழுவின் அனுமதி தேவை. எந்த மரத்துக்கு என்ன நடைமுறை என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.