மூச்சுக் காற்று சொல்லும் குடல் செய்தி

தேனி மாவட்டத்து ஓடைப்பட்டி, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர். அந்தப் பழத்திலுள்ள சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி குளுக்கோஸ். 1747இல் மார்கிராஃப் என்னும் ஜெர்மானிய வேதியியலார் குளுக்கோசைப் பிரித்தெடுத்ததும் உலர்ந்த திராட்சையிலிருந்துதான். இன்று அதே குளுக்கோசைக் குடிக்கக் கொடுத்து, நோயாளியின் மூச்சைச் சோதித்து, அவருடைய சிறுகுடலின் நிலையை அறிகிறார்கள். மூச்சுக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா?

நம் உடலின் செல்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களே சர்க்கரையை நொதிக்கச் செய்து அதை உண்டாக்குகின்றன. இட்லி மாவு பொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வருவது கரியமில வாயு, அவ்வளவுதான். குடலில் தோன்றும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து, நுரையீரலை அடைந்து, மூச்சுடன் வெளியேறுகிறது.

பெருங்குடலில் பாக்டீரியாக்கள் கோடானுகோடி. சிறுகுடலிலோ மிகக் குறைவு. குளுக்கோஸ் சிறுகுடலின் முற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே அதைக் குடித்த பின் மூச்சில் ஹைட்ரஜன் ஏறினால், சிறுகுடலில் பாக்டீரியாக்கள் அளவுக்கு மீறிப் பெருகியுள்ளன என்று ஐயுறலாம்.

சோதனைக்கு முதல் நாள் பருப்பு, பயறு வகைகளை விலக்கி, இரவு முழுவதும் பட்டினியிருக்க வேண்டும். காலையில் 75 கிராம் குளுக்கோசை நீரில் கரைத்துக் கொடுப்பார்கள். (நீரிழிவு உள்ளவர் முன்னரே சொல்லிவிட வேண்டும்.) பிறகு குறித்த இடைவெளிகளில் பைக்குள் ஊதுவதுதான் வேலை. 90 நிமிடத்திற்குள் ஹைட்ரஜன், தொடக்க அளவைவிடப் பத்து இலட்சத்தில் 20 பங்கு கூடினால் பாக்டீரியாப் பெருக்கம் எனக் கொள்கிறார்கள். சிலர் குடலில் உள்ள ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனை மீத்தேனாக மாற்றிவிடும். எனவே மீத்தேனையும் அளக்க வேண்டும்.

வயிற்றுவலி, உப்புசம், பேதி, மலச்சிக்கல் என்று ஆண்டுக்கணக்கில் வாட்டும் குடல் எரிச்சல் நோய்க்கு இதுதான் காரணமோ? 2000இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், அந்நோயாளிகள் 202 பேரில் 157 பேருக்கு மூச்சுச் சோதனை 'ஆம்' என்றது. பெரும் பரபரப்பு! ஆனால் அங்கே கொடுத்தது லாக்டுலோஸ். அது உறிஞ்சப்படாத சர்க்கரை. எப்படியும் பெருங்குடலைச் சேரும். குடல் சற்று வேகமாக இயங்கினால், பெருங்குடலில் தோன்றிய வாயுவையே சிறுகுடலின் வாயு என்று தவறாக எண்ணிவிடுவோம். 2011இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள், சர்க்கரை செல்லும் வழியையும் கூடவே படம் பிடித்துப் பார்த்தனர். பெரும்பாலோரிடம், அது பெருங்குடலை எட்டிய பிறகே ஹைட்ரஜன் ஏறியிருந்தது!

நம் நாட்டில் லக்னோவில், உதய் சந்த் கோஷல் குழுவினர் இன்னும் கடினமான வழியை மேற்கொண்டனர். நோயாளிகள் 80 பேரின் சிறுகுடல் நீரை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களை வளர்த்து எண்ணினர். மிகுதியாக இருந்தது 15 பேருக்கு மட்டுமே. அந்தப் பதினைவரில் நார்ஃப்ளாக்சசின் பெற்ற 8 பேரில் 7 பேர் ஒரு மாதத்தில் நோய்க்குறிகள் நீங்கப் பெற்றனர். வெற்று மாத்திரை பெற்ற 7 பேரில் ஒருவரும் இல்லை. 2016இல் வெளியான இம்முடிவு நம்பிக்கை தருவது; ஆயினும் எண்ணிக்கை மிகச் சிறிது. இதைப் படித்துவிட்டு மருந்துக் கடையில் நீங்களாக அம்மாத்திரையை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். தேவையின்றி உண்டால் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்கள்தாம் வளரும்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், சோகை இவற்றுள் ஏதேனும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அப்போது மூச்சுச் சோதனைக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.