படுக்கையை உதறுங்கள், பூனையை விரட்டாதீர்கள்

தூய்மையை ஈமானின் ஒரு பாதியாகக் கருதும் மார்க்கம் இஸ்லாம். வாயில்லா உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவதை அடியானின் கடமையாக்கியதும் அதே மார்க்கந்தான். இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதுவனபோலத் தோன்றும் இடம் ஒன்று நம் இல்லங்களில் உண்டு. அதுவே நாம் உறங்கும் படுக்கை.

சிங்கப்பெருமாள் கோவில் போன்றதோர் ஊரை எண்ணிப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டி வளர்ந்துவரும் ஊர் அது. மறைமலைநகர், ஒரகடம் ஆகிய இடங்களிலுள்ள ஆலைகளை நம்பிப் பிழைக்க வந்த குடும்பங்கள் இப்பகுதிகளில் சிறு வாடகை வீடுகளில் வாழ்கின்றன. அத்தகைய வீட்டில் உறங்கும் அறையே தொழும் அறையுமாகும். பகலெல்லாம் பூனை சுருண்டு கிடந்த மெத்தையின் அருகிலேதான் இஷாவுக்கு முஸல்லா விரிக்கப்படுகின்றது.

முடி ஒட்டிய உடையோடு தொழுகை கூடுமா என்று மருமகளுக்கு ஐயம். குழந்தை இருமினால் மாமியாருக்கு அச்சம். ஐயமும் அச்சமும் சேர்ந்து, ஒருநாள் அந்தப் பூனை சாக்கில் கட்டப்பட்டுப் பெருஞ்சாலைக்கு அப்பால் விடப்படுகின்றது. உணவிட்ட கையைத் தேடித் திரும்ப முயலும் அந்த உயிர், விரையும் வாகனங்களுக்கிடையே என்னவாகும் என்று எவரும் எண்ணுவதில்லை. வீடு தூய்மையாகிவிட்டது என்று மனம் மட்டும் நிம்மதி கொள்கின்றது. அன்பர்களே, அது தூய்மைதானா?

வீட்டைச் சுற்றிவரும் உயிர்

நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்கள் தம் மகனுடைய இல்லம் சென்றிருந்தபோது, மருமகளார் கப்ஷா அம்மையார் ஒளுச் செய்யத் தண்ணீர் வைத்தார்கள். பூனையொன்று நீரருந்த வந்தது. அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து அது பருகி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். மருமகளார் வியப்போடு நோக்கவே, பூனை அசுத்தமானதன்று. அது உங்களைச் சுற்றிவரும் உயிர்களில் ஒன்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய ஹதீஸ் நூல்களில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

பெருமானார் காட்டிய காரணத்தைக் கூர்ந்து நோக்குங்கள். வீட்டுக்குள் ஓயாது வந்துபோகும் உயிரைத் தடுத்து நிறுத்த இயலாது. அதனால் அடியார்களுக்குத் துன்பம் நேரலாகாது. சட்டத்தில் அமைந்த சலுகை இது.

பெருமானார் (ஸல்) அவர்களின் அங்கியில் பூனை உறங்கியதாகவும், அதனை எழுப்ப மனமின்றி அங்கியின் கையைக் கத்தரித்ததாகவும் ஒரு கதை நம்மிடையே வழங்குகின்றது. ஆதாரமான ஹதீஸ் நூல்களில் அதற்கு இடமில்லை. அக்கதை நமக்குத் தேவையுமில்லை. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரைதேட அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண்ணொருத்தி நரகத்துக்குரியவளானாள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கின்றது. சாக்கின் வாயைக் கட்டும் கைகளுக்கு அந்த ஒரு செய்தியே போதும்.

பூனைக்குட்டியின் தந்தை சொன்ன செய்தி

படுக்கையைப் பற்றியும் அண்ணலார் நமக்குக் கற்பித்திருக்கின்றார்கள். படுக்கைக்குச் செல்பவர் தம் கீழாடையின் உள்ஓரத்தால் அதனை உதறிக்கொள்ள வேண்டும். ஏனெனில், தாம் எழுந்து சென்றபின் அதன்மீது என்ன வந்து சேர்ந்தது என்பதை அவர் அறியமாட்டார். இதுவே அவ்வறிவுரையின் கருத்து. மும்முறை உதறுமாறும் ஓர் அறிவிப்பில் வந்துள்ளது. தேள், பாம்பு போன்ற தீங்கு தருபவை இருக்கக்கூடும் என்பதாலேயே வெறுங்கையால் அன்றித் துணியின் ஓரத்தால் உதறச் சொல்லப்பட்டது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கம் எழுதியுள்ளார்கள்.

இந்த ஹதீஸை அறிவித்தவர் யார் தெரியுமா? அபூஹுரைரா (ரலி) அவர்கள்! ஆடு மேய்த்த நாளில் சிறு பூனையொன்றைத் தம்முடன் வைத்து வளர்த்ததனால், பூனைக்குட்டியின் தந்தை எனப் பொருள்படும் இப்பெயரைப் பெற்றவர்கள். பூனையை நேசித்த அதே தோழர்தாம் படுக்கையை உதறும் சுன்னத்தையும் நமக்கு அறிவித்துத் தந்தார்கள். இரண்டும் ஒரே உள்ளத்தில் குடியிருந்தன. நம் இல்லத்தில் மட்டும் ஏன் இருக்கலாகாது?

தொழுகை கூடுமா?

ஹனஃபி மத்ஹபில் பூனையின் முடி தூய்மையானது. உடையில் ஒட்டியிருந்தாலும் தொழுகை கூடும். ஷாஃபியீ மத்ஹபில், இறைச்சி உண்ணப்படாத பிராணியின் உடலிலிருந்து பிரிந்த முடி நஜீஸ் ஆகும். ஆயினும் ஒன்றிரண்டு போன்ற சொற்ப அளவு மன்னிக்கப்படும். நாய், பன்றி ஆகியவற்றின் முடிக்கு அம்மத்ஹபில் இச்சலுகை இல்லை. கணவர் வீட்டார் ஒரு மத்ஹபும், மனைவி வீட்டார் வேறொரு மத்ஹபுமாக இருக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. சட்டத்தை வைத்து வீட்டுக்குள் பூசல் வளர்க்க வேண்டாம். முஸல்லாவையும் தொழுகைக்குரிய உடையையும் பூனை ஏறாத அலமாரியில் மடித்து வைத்துவிட்டால் இரு தரப்பாரின் ஐயமும் நீங்கும். அதற்கு மேலும் ஐயம் எழுமாயின் உங்கள் ஜமாஅத்தின் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

உதறும் முறை

நம் முன்னோர் பாயில் உறங்கினர். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கொண்டு பட்டமடையில் லெப்பைக் குடும்பத்தார் நெய்யும் பாய் புகழ் பெற்றது. வழவழப்பான கோரையில் முடி தங்காது; எழுந்ததும் உதறிச் சுருட்டிவைத்தால் பூனை படுக்கவும் இடமிராது. இன்றோ மெத்தை நாள் முழுவதும் விரிந்தே கிடக்கின்றது. ஆகவே உழைப்பும் சற்றுக் கூடுகின்றது.

காலையில் எழுந்ததும் மெத்தையின்மேல் நெருக்கமாக நெய்த பருத்தி விரிப்பொன்றைப் போர்த்திவிடுங்கள். இரவில் அதனை மட்டும் நான்கு மூலையும் சேர்த்து எடுத்து வெளியே உதறலாம். வெல்வெட்டும் கம்பளியும் முடியைப் பற்றிக்கொள்ளும், அவற்றைத் தவிருங்கள். எஞ்சிய முடியைச் சற்றே ஈரமாக்கிய ரப்பர் கையுறையால் ஒரே திசையில் தடவினால் அது திரண்டு வந்துவிடும். முடி ஒட்டிய விரிப்பை அப்படியே சலவை இயந்திரத்தில் போடலாகாது. நனைந்த முடி துணியோடு மேலும் ஒட்டிக்கொள்வதோடு வடிகட்டியையும் அடைக்கும். உலர்ந்த நிலையில் உதறிய பின்னரே நனையுங்கள்.

வெயில் நாளில் தலையணையையும் மெத்தையையும் மொட்டை மாடியில் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்கு வழியில்லாதபோது விரிப்பை அடிக்கடி மாற்றுங்கள். பூனையை நாள்தோறும் வீட்டுக்கு வெளியே வைத்துச் சீப்பால் வாரிவிட்டால், படுக்கையில் விழவேண்டிய முடியில் பெரும்பகுதி உங்கள் கையோடு வந்துவிடும். அதற்கென்று பழந்துணியொன்றை ஒரு மூலையில் விரித்து, அதனையும் துவைத்துவாருங்கள். தனக்கென ஓர் இடம் அமைந்தால் பூனை அங்கேயே படுத்துப் பழகும்.

குழந்தைக்கு இழுப்பு இருந்தால்

இங்கே அலட்சியம் கூடாது. துன்பம் தருவது முடியன்று. பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் சுரக்கும் ஒருவகைப் புரதமே. பூனை தன் உடலை நக்கும்போது அது முடியில் படிந்து, காய்ந்து, நுண்துகளாகிக் காற்றில் மிதக்கின்றது. பூனையை அகற்றிய பின்னரும் பல மாதங்கள் அது படுக்கையில் தங்கியிருக்கும். ஆகவே பூனையைத் துரத்திய அன்றே இருமல் நின்றுவிடுமென்று எண்ணவேண்டாம். மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் இழுப்பைத் தூண்டக்கூடும். 60 டிகிரி வெந்நீரில் விரிப்பைத் துவைத்தால் அவை மடியும்.

எது காரணமென்று மருத்துவரிடம் காட்டித் தெளியுங்கள். குழந்தை உறங்கும் அறைக்குள் பூனை நுழையாமல் கதவைச் சாத்துங்கள். பூனைக்கு ஆங்காங்கே முடி உதிர்ந்து வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பூனை வீட்டில் இருக்கவே கூடாதென்று மருத்துவர் சொன்னால், குழந்தையின் நலமே முதன்மையானது. அப்பொழுதும் அதனைப் பேணி வளர்க்கும் ஒரு வீட்டாரிடம் ஒப்படையுங்கள். தெருவில் எறிவதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

படுக்கையை உதறியபின் ஓதுவதற்கு ஒரு பிரார்த்தனையையும் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். இந்த உறக்கத்திலேயே உயிர் கைப்பற்றப்பட்டால் அதற்கு இரங்குமாறும், திருப்பியனுப்பப்பட்டால் அதனைக் காக்குமாறும் இறைவனிடம் வேண்டும் பிரார்த்தனை அது. ஒவ்வோர் இரவும் நாம் சாயும் படுக்கை, எழுவோமா என்று அறியாத இடம். தன் உயிருக்கு இரக்கம் கேட்டுத் தலைசாய்க்கும் அடியான், தன் வாசலை நம்பி வாழும் சிற்றுயிருக்கு இரக்கம் மறுத்துவிட்டுச் சாயலாமா?

தூய படுக்கையையும் இரக்கமுள்ள இதயத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.