கம்பி இருந்தால் ஆண் சைக்கிள், கூடை இருந்தால் பெண் சைக்கிளா?

கன்னிவாடியில் என் தங்கை வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு சைக்கிள் ஆறு மாதமாகச் சும்மா நின்றது. பிளஸ் ஒன் படிக்கும்போது தங்கை மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் அது. அவள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். ஒன்பதாவது படிக்கும் அவள் தம்பியோ, தோட்டத்து வீட்டிலிருந்து தினமும் மூன்று கிலோமீட்டர் நடந்தே பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

"வண்டி இருக்குல்லடா, எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"போங்க பெரியம்மா. அது பொம்பளப்புள்ள சைக்கிளு. பார் கம்பியே கிடையாது, முன்னாடி கூடை வேற. பசங்க ஓட்டித் தள்ளிருவாய்ங்க" என்றான்.

திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் அப்பத்தா தலை நிமிராமலே கேட்டார்: "ஏண்டா, ஒங்க தாத்தா டிவிஎஸ் எக்ஸ்எல்லுல தக்காளிப் பெட்டி ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போறாரே, அதுல எங்கடா கம்பி இருக்கு? அது பொம்பள வண்டியா?"

அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது.

கம்பி வந்த கதை

இன்றைய சைக்கிளின் அடிப்படை வடிவம் 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' சைக்கிளிலிருந்து வந்தது. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின். அதன் பிறகு சட்டம், இரண்டு முக்கோணங்களைச் சேர்த்த வடிவத்துக்கு மாறியது. முக்கோணம் எளிதில் வளையாது. அதனால் குறைந்த இரும்பில் அதிக வலு கிடைத்தது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகும் கம்பியின் வேலை அவ்வளவுதான். அதில் ஆண்மை எதுவும் இல்லை.

அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்கள் தரையைத் தொடும் பாவாடை அணிந்தார்கள். காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. அதற்காக 1880-களின் இறுதியில் மேல் கம்பியைக் கீழே இறக்கிய சைக்கிள்கள் வந்தன. பாவாடை சக்கரத்தில் சிக்காமலிருக்க வலை, செயினுக்கு மூடி எல்லாம் சேர்ந்தன. ஆக, 'லேடீஸ் சைக்கிள்' பெண் உடலுக்காக உருவானதல்ல, பெண் உடைக்காக உருவானது.

உடைதான் காரணம் என்றால், வேட்டியும் லுங்கியும் கட்டும் நம் ஊர் ஆண்களுக்குத்தான் கம்பியில்லாத சைக்கிள் முதலில் வந்திருக்க வேண்டும். அவர்களோ ஒரு காலைப் பெடலில் வைத்து, நாலு எட்டு உந்தி, மறு காலைப் பின்பக்கமாக வீசி ஏறப் பழகிக்கொண்டார்கள்.

1894-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து உலகம் சுற்றப் புறப்பட்டார் ஆனி லண்டன்டெரி. மூன்று குழந்தைகளின் தாய். முதலில் ஓட்டியது பெண்களுக்கான சைக்கிள். எடை 42 பவுண்டு, அதாவது சுமார் 19 கிலோ. சிகாகோ வந்ததும் அதை விட்டுவிட்டு, அதில் பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். நீண்ட பாவாடையையும் மாற்றிக்கொண்டார். 1895-ல் பயணத்தை முடித்துத் திரும்பினார்.

புதுக்கோட்டை பெண்கள் செய்தது

இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நம் பக்கத்து மாவட்டங்களில் ஒன்றான புதுக்கோட்டையிலேயே இதற்கு விடை இருக்கிறது.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். படிப்பு சொல்லித்தரும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ்ஸுக்காகவோ, கொண்டுபோய் விடும் ஆணுக்காகவோ காத்திருந்தால் வேலை நடக்காது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்தபடி 1,500-க்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டையை வலம் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கட்டுரை பிறகு என்.சி.இ.ஆர்.டி.யின் 8-ம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது.

அதில் நம் விஷயத்துக்கு முக்கியமான ஒரு தகவல் உண்டு. லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே ஆண்டில் 350 சதவிகிதத்துக்கு மேல் உயர்ந்ததாகக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். கடையில் அது கிடைக்கும்வரை காத்திருக்கப் பிடிக்காத பெண்கள், ஆண்கள் சைக்கிளையே வாங்கிப் போனார்கள். சிலர் ஆண்கள் சைக்கிள்தான் வேண்டும் என்று விரும்பியே வாங்கினார்கள். காரணம், அந்தப் பார் கம்பிதான். அதன்மேல் குழந்தையை உட்கார வைக்கலாமே!

'இது ஆண் வண்டி' என்பதற்கு ஊர் காட்டும் அடையாளம் அந்தக் கம்பி. அதுவே ஒரு தாய்க்குப் பிள்ளையின் இருக்கையாகிவிட்டது. பொருளுக்குப் பாலினம் கிடையாது, உபயோகம்தான் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பிங்க் யாருடைய நிறம்?

நம் தாத்தா காலத்தில் சைக்கிள் பெரும்பாலும் கறுப்பு அல்லது கரும்பச்சை. கடையில் மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்து, கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்ட பிள்ளைகள் யாரும் நிறம் பார்த்து எடுக்கவில்லை. கிடைத்ததே பெரிய விஷயம். பிள்ளைகளுக்கென்று தனி மாடல்கள் பெருகிய பிறகுதான் பெண்ணுக்கு பிங்க், ஊதா, பூப்படம், கூடை. ஆணுக்குக் கறுப்பு, சிவப்பு, மின்னல் ஸ்டிக்கர் என்று பிரிவு கெட்டிப்பட்டது. இதில் வியாபாரக் கணக்கும் உண்டு. அக்கா சைக்கிளைத் தம்பி ஓட்ட மாட்டான் என்றால், வீட்டுக்கு இன்னொரு சைக்கிள் விற்கும்.

இந்த நிறப் பிரிவும் பழையதல்ல. 1918-ல் அமெரிக்காவில் குழந்தை உடை வியாபாரத்துக்கான இதழ் ஒன்று, பிங்க் வலுவான நிறம் என்பதால் ஆண் குழந்தைக்கு, நீலம் மென்மையானது என்பதால் பெண் குழந்தைக்கு என்று எழுதியது. அப்படியே தலைகீழ்!

உலகின் கடினமான சைக்கிள் பந்தயங்களில் ஒன்று இத்தாலியில் மூன்று வாரம் நடக்கும் 'ஜிரோ டி இத்தாலியா'. முன்னணியில் இருக்கும் வீரருக்கு அங்கே 1931 முதல் தரப்படுவது பிங்க் ஜெர்சி. பந்தயத்தை நடத்திய பத்திரிகை பிங்க் தாளில் அச்சாகும் என்பதே காரணம். மலைகளில் உயிரைக் கொடுத்து மிதிக்கும் ஆண்கள் அந்த பிங்க் சட்டைக்காகத்தான் போட்டி போடுகிறார்கள்.

கேலி ஏன் ஒரு பக்கம் மட்டும்?

பெண் பிள்ளை அண்ணனின் சைக்கிளை ஓட்டினால், "பரவாயில்லையே, தைரியசாலி" என்கிறோம். ஆண் பிள்ளை அக்காவின் சைக்கிளை ஓட்டினால் சிரிக்கிறோம். இரண்டும் ஒரே செயல்தான். ஒன்றுக்குப் பாராட்டு, மற்றதற்குக் கேலி என்றால், பெண்ணுடையது எதுவும் ஒரு படி கீழே என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. அந்தக் கேலியைக் கேட்டு வளரும் பெண் பிள்ளைக்கும் அது புரியாமல் போகாது.

பிங்க் பிடித்த பெண் குழந்தைக்கு பிங்க் வாங்கித் தருவதில் தவறே இல்லை. விருப்பம் வேறு, விதி வேறு. அவள் கறுப்பு கேட்டால், "அது பசங்க கலர்" என்று தடுப்பதும், அவன் பிங்க் கேட்டால் பதறுவதும்தான் தவறு.

சைக்கிள் என்பது சின்ன விஷயமும் அல்ல. தமிழ்நாட்டில் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவ மாணவியருக்கு விரிவானது. பீகாரில் 2006-ல் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்கள் 32 சதவிகிதம் அதிகரித்ததாகக் கண்டறிந்தார்கள். படிப்பையே மாற்றக்கூடிய ஒரு வண்டி, நிறத்துக்காகவும் கம்பிக்காகவும் மரத்தடியில் துருப்பிடிக்கலாமா?

வாங்கும்போது எதைப் பார்க்கலாம்?

* உயரம்: கம்பி உள்ள சைக்கிள் என்றால், இரு காலையும் தரையில் ஊன்றி நிற்கும்போது கம்பிக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல்கடையாவது இடைவெளி வேண்டும்.
* சீட் உயரம்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட்டை ஏற்றி இறக்க முடிவதால், அக்கா சைக்கிள் தம்பிக்கும் பொருந்தும்.
* சீட் அகலம்: இடுப்பெலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாகப் பெண்களுக்குச் சற்று அகலமான சீட் வசதி. ஆனால், உட்கார்ந்து பார்த்து முடிவெடுப்பதே சரி.
* உடை: துப்பட்டா, சேலை, பாவாடை, வேட்டி, லுங்கி எதுவானாலும் செயின் கவர் அவசியம்.
* உபயோகம்: பாரம் ஏற்ற வலுவான கேரியர், கடைக்குப் போக முன் கூடை. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் கம்பியில்லாத சைக்கிளே ஏறி இறங்கச் சுலபம், ஆணாக இருந்தாலும்.

ஒரே சைக்கிளை வீட்டில் பலர் ஓட்டுவதென்றால் கம்பியில்லாததை வாங்குவதே புத்திசாலித்தனம். நகரங்களில் வாடகைக்கு விடும் பொது சைக்கிள்களில் பலவும் இப்படித்தான் இருக்கின்றன.

சரி, கன்னிவாடி சைக்கிள் என்ன ஆனது?

அப்பத்தாவின் கேள்விக்குப் பிறகு இரண்டு நாள் பையன் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்பேனரை எடுத்து சீட்டை ஏற்றினான், செயினுக்கு எண்ணெய் விட்டான். கூடையைக் கழற்றப் போனவன், புத்தகப் பையை அதில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டான். பள்ளியில் முதல் நாள் கிண்டல் இருந்ததாம்.

"அப்புறம்?" என்று போனில் கேட்டேன்.

"கிண்டல் பண்ணவன்தான் பெரியம்மா இப்ப கேரியர்ல வர்றான். அவனுக்கும் நம்ம ஊருதானே, எதுக்கு நடக்கணும்?"