மடகாஸ்கரிலிருந்து வந்த ஒற்றை நாற்று... நம் கைக்குப் பழகுவது எப்படி?

‘ஒற்றை நாற்று நடவு செய்ய ஆசைதான். ஆனால், நடவுக்கு வரும் பெண்கள் முடியாது என்கிறார்களே, என்ன செய்வது?’ செம்மை நெல் சாகுபடி பற்றிப் பேசும் இடங்களில் எழும் கேள்வி இது. இந்த நுட்பம் வந்த வழியைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள தீவு நாடு மடகாஸ்கர். அங்கு வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்ரி டி லௌலானி, அந்த ஊர் உழவர்களோடு சேர்ந்து 1980-களில் இந்த முறையை உருவாக்கினார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் உப்ஹாஃப் அதைப் பிற நாடுகளுக்கு எடுத்துச் சென்றார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ம் ஆண்டில் ஆய்வைத் தொடங்கி, பிறகு காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதி உழவர்களின் வயல்களில் சோதித்தது.

களைக்கருவி வந்த வழி வேறு. வரிசைக்கிடையே தள்ளும் உருளைக்கருவி ஜப்பானில் பிறந்தது. கூம்பு உருளை கொண்ட கோனோவீடர், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. நம் களிமண்ணில் அது கனத்தது, சேறு அப்பியது. தென்னிந்தியப் பட்டறைகளில் எடையைக் குறைத்தார்கள், பல்லை மாற்றினார்கள், மண்ணுக்கேற்ற வகைகளைச் செய்தார்கள். வெளிநாட்டுக் கருவி நம் ஊர்ப் பட்டறைக்கு ஒரு புதுத் தொழிலைக் கொடுத்தது.

கருவியைப் பட்டறையில் திருத்திவிடலாம். கைப்பழக்கத்தை அப்படித் திருத்த முடியாது. கொத்தாகப் பிடித்து வேகமாக நட்டுப் பழகியவர்கள், 14 நாள் நாற்றை வேர் மண்ணோடு எடுத்து, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் சதுரத்தில், ஆழமில்லாமல் வைக்க வேண்டும். முதல் முறை வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், நஷ்டம் நடுபவர்களுக்குத்தான். அவர்கள் ‘முடியாது’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. கைக்களை பெண்களின் வேலை. கோனோவீடர் வந்ததும் பல இடங்களில் அது ஆண்கள் கைக்குப் போனது. பெண்களுக்குக் களையெடுப்புக் கூலி குறைந்தது.

ஆகவே, இப்படிச் செய்து பாருங்கள்:

* முதல் போகத்தில் 25 சென்ட் மட்டும் நடுங்கள். ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும் என்பதால், இதற்கு முக்கால் கிலோவே தாராளம்.

* பழகும்வரை நாள் கூலியாகவே கொடுங்கள். ஒரே குழுவைத் தொடர்ந்து அழையுங்கள்.

* களைக்கருவியை உடனே வாங்க வேண்டாம். இரவலோ வாடகையோ, உங்கள் வயலில் ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

* பெண்களையும் ஓட்டச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கனமாக இருந்தால், எடை குறைந்த கருவியைத் தேர்வு செய்யுங்கள்.

* நட்ட 10-ம் நாளில் தொடங்கி, 10 நாள்களுக்கு ஒருமுறை, மெல்லிய நீரில் கருவியை ஓட்டுங்கள்.

கடல் தாண்டி வந்த நுட்பம் வயலில் நிலைக்க வேண்டுமானால், நடுகிற கைக்கும் அதில் லாபம் இருக்க வேண்டும். பயிற்சிக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தைக் கேளுங்கள். போகும்போது, நடவுக்கு வரும் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள்.