சுடும் கைக்கும் வலிக்கும்

நீலசந்திரா, ஆனேபாளையா, ஆஸ்டின் டவுன், ஈஜிபுரா ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1809-இல் பெங்களூரில் கண்டோன்மெண்ட் அமைந்தது. பட்டாளத்தோடும், பட்டாளத்தை நம்பிய தொழில்களோடும் நம்மவர் இங்கு வந்து சேர்ந்தனர். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கிறது. அதன் வீரர்களைத் ‘தம்பி’ என்றே அழைப்பது இராணுவத்தில் நிலைத்துவிட்ட வழக்கம்.

ஆகவே துப்பாக்கி நம் வீடுகளுக்கு முற்றிலும் அந்நியமான பொருளல்ல. ஓய்வு பெற்ற பின் வங்கி வாசலிலும் பணவண்டியிலும் காவல் நிற்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். போலீஸ் வேலைக்குத் தேர்வாகிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரி என்.சி.சி.யில் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொடும் பெண்களும் இருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பிஸ்டல் போட்டிகளில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்ற பிறகு, ‘நானும் கற்றுக்கொள்கிறேன்’ என்று கேட்கும் சிறுமிகள் பெருகியிருக்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ஆகியோரும் அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சுட்டவர்கள்தாம்.

குறி தப்பியதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கை வலியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வலி என்று சொன்னால் தேர்விலிருந்து நீக்கிவிடுவார்களோ, டியூட்டி போய்விடுமோ என்ற அச்சம். தைலம் தேய்த்து, துணி சுற்றி, மறுநாளும் சுடப் போகிறார்கள். இந்த மௌனத்தால் சிறு வலி பெரு நோயாகிவிடக் கூடும் என்பதால்தான் இக்கட்டுரை.

உதைப்பது ஏன்?

தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி பள்ளியிலேயே படித்ததுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 மில்லிமீட்டர் பிஸ்டலின் குண்டு சுமார் 7½ கிராம். அது வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. துப்பாக்கியின் எடை 900 கிராம் என்றால், அது வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் உள்ளங்கையை நோக்கி வருகிறது. வெடிமருந்தின் வாயுவும் சேர்ந்துகொள்வதால் உண்மையான உதை இன்னும் சற்றுக் கூடுதல்.

விளையாட்டில் பயன்படும் .22 பிஸ்டலில் குண்டு 2½ கிராம் அளவே. துப்பாக்கியோ ஒரு கிலோவுக்கு மேல். அதன் பின்வேகம் வினாடிக்கு முக்கால் மீட்டர்தான். கை தாங்க வேண்டிய ஆற்றலை ஒப்பிட்டால் இரண்டுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் உதை என்று சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை. மனு பாக்கர் இரண்டு பதக்கங்களையும் வென்றது அந்த ஏர் பிஸ்டலில்தான். தொடக்கத்தில் குழந்தைகள் கையில் அதையே கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே தோட்டாவை எடை பாதியான துப்பாக்கியில் சுட்டால் உதையின் வேகம் இரு மடங்காகும். ஆற்றலும் இரு மடங்காகும். 2014-இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று வெளியிட்ட ‘நிர்பீக்’ .32 ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம். கைப்பையில் சுமக்க எளிது. ஆனால் சுடும் கைக்கு எடை குறைந்த துப்பாக்கி நண்பனல்ல. ‘சின்னத் துப்பாக்கி, மெல்ல உதைக்கும்’ என்று நினைப்பது தவறு.

பிடியில் இருக்கிறது பாதி மருந்து

பயிற்சியாளர்கள் சொல்லும் பாடங்களைத் தொகுத்துத் தருகிறோம்.

பிடியை உயரப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை, கைப்பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு உயரத்தில் அமர முடியுமோ அவ்வளவு உயரத்தில் அமரட்டும். கீழே பிடித்தால் துப்பாக்கி நெம்புகோல் போல் மேலே எம்பும். அந்த எம்பலை மணிக்கட்டுத்தான் தாங்க வேண்டியிருக்கும். ஆனால் தானியங்கிப் பிஸ்டலில் கட்டைவிரலை மேல்தகட்டின் பின்னால் வைத்துவிடக் கூடாது. தகடு பின்னுக்கு வரும்போது தோலைக் கிழித்துவிடும். ரிவால்வரில் உருளையின் முன்விளிம்பருகே விரல் போகக் கூடாது. அந்த இடுக்கிலிருந்து சூடான வாயு பீறிடும்.

குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கைக்கு எட்டாத பெரிய பிடியைச் சிலர் சாய்த்துப் பிடிக்கிறார்கள். அப்போது உதை முழுவதும் கட்டைவிரலின் அடிமூட்டில் இறங்கும். பல பெண்களுக்கு வலி அங்கேதான் தொடங்குகிறது. பிடியை மாற்றினால் தீரக்கூடிய வலி அது. போட்டித் துப்பாக்கிகளின் மரப்பிடியை அவரவர் கைக்கேற்ப அரத்தால் தேய்த்தும், மக்கு வைத்து நிரப்பியும் பொருத்துவது இதற்காகத்தான். அகலமான ரப்பர் பிடி உதையை உள்ளங்கை முழுவதும் பரப்பும். மெல்லிய பிடி ஒரே இடத்தில் குத்தும்.

தளர்வாகவும் பிடிக்கக் கூடாது, நெரிக்கவும் கூடாது. தளர்வாகப் பிடித்தால் துப்பாக்கி ஓடிவந்து கையில் மோதும். நெரித்தால் கை நடுங்கும். நடுங்கும் வரை இறுக்கி, பிறகு நடுக்கம் நிற்கும் வரை சற்றுத் தளர்த்துங்கள். அதுவே சரியான அளவு. இரு கையால் சுடும் காவல்துறை முறையில் துணைக்கைதான் அதிகமாக அழுத்த வேண்டும். முழங்கையைப் பூட்டிவிடாமல் சற்றே மடக்கி, உடலைச் சிறிது முன்னே சாய்த்து நின்றால் உதை தோள் வரை பரவி அடங்கும்.

காதடைப்பு இன்றிச் சுடக் கூடாது. காதைக் காப்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் கை. ஓசைக்கு அஞ்சியே பலர் விசையை அழுத்தும் நொடியில் கையை இறுக்கி விடுகிறார்கள். ஓசை அடங்கினால் அந்த அச்சமும் அடங்கும்.

எண்ணிக்கையைக் குறையுங்கள். தோட்டா இல்லாமல் குறிபார்த்து விசை அழுத்தும் வறட்டுப் பயிற்சியை உலகின் சிறந்த வீரர்களும் நாள்தோறும் செய்கிறார்கள். துப்பாக்கி காலியாக இருக்கிறது என்பதை இருமுறை பார்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும். இதில் விரல் பழகும், மணிக்கட்டு அடிபடாது.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியும் உண்டு. ரப்பர் பந்தைப் பிசைவது எல்லோருக்கும் தெரியும். அதற்கு எதிர்ப்பயிற்சியை மறந்துவிடுகிறோம். ஐந்து விரல்களையும் குவித்து, மேலே ரப்பர் பேண்டை மாட்டி, விரல்களை விரிக்க வேண்டும். பாதித் தண்ணீர் நிரம்பிய பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மேலும் கீழும் மெல்ல அசைப்பதும் நல்லது. வலி இருக்கும் நாளில் இவை வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் போவது?

சுட்ட அன்று மாலை கை கடுத்தால் ஓய்வு கொடுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி முதல் இரண்டு நாள் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

கீழ்க்காணும் அறிகுறிகள் கண்டால் தாமதிக்கக் கூடாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப் போவதும், இரவில் கூச்சமெடுத்து எழுப்புவதும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதற்கான அடையாளங்கள். கார்ப்பல் டனல் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். நாளாக விட்டால் கட்டைவிரல் அடியிலுள்ள சதைமேடு வற்றிவிடும். வற்றிய பிறகு முழுவதும் மீள்வது கடினம். கட்டைவிரலை உள்ளே மடக்கி மணிக்கட்டைச் சாய்த்தால் சுள்ளென்று வலிப்பது தசைநாண் உறையின் வீக்கம். 1895-இல் அதை விவரித்த சுவிட்சர்லாந்து மருத்துவர் டி குவெர்வெய்ன் பெயரால் அது அழைக்கப்படுகிறது. கட்டைவிரலை விரிக்கும்போது அதன் அடியில் விழும் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? அது சிறு எலும்பு முறிவாக இருக்கலாம். முதல் எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால், வலி நீடித்தால் மறுமுறை காட்டுவது அவசியம்.

நம் ஊரில் சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனை இருக்கிறது. எலும்புக்கென்றே ஜெயநகரில் சஞ்சய் காந்தி மருத்துவமனை இருக்கிறது. இரண்டும் அரசு மருத்துவமனைகள். கை அறுவை சிகிச்சையில் தமிழ்நாட்டுக்கும் பெரிய பங்குண்டு. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அங்கேதான் நிமிர்த்திக் காட்டினார். ஆகவே கைக்கு வைத்தியமில்லை என்று யாரும் மனம் தளர வேண்டியதில்லை.

துப்பாக்கி பிடிக்காதவர்களுக்கும்

நீலசந்திராவில் பிஸ்டல் பிடிக்கும் கைகளைவிட டிரில்லிங் மெஷின் பிடிக்கும் கைகள் பன்மடங்கு அதிகம். கான்கிரீட் உடைக்கும் இயந்திரம் உதைத்துக்கொண்டே இருக்கும் துப்பாக்கி போன்றது. 1918-இல் அமெரிக்காவின் பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் குவாரிகளில் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தபோது, காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதைக் கண்டார். நம் கட்டிடத் தொழிலாளர்க்கும் அது நேரலாம். தொடர்ந்து பிடிக்காமல் ஆள் மாற்றிக்கொள்வது, கையைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது, கருவியை நெரிக்காமல் பிடிப்பது, புகைப்பதை விடுவது ஆகியவை அவர்களுக்கான மருந்து.

ஹங்கேரி வீரர் கரோலி டகாச்சின் வலதுகையை 1938-இல் ஒரு கையெறிகுண்டு சிதைத்தது. அவர் இடதுகையால் சுடக் கற்று, 1948-லும் 1952-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இக்கதையைச் சொல்லி ‘வலியைப் பொறுத்துக்கொள்’ என்று பிள்ளைகளை ஏவுவோர் உண்டு. சிதைந்த கையை அவர் கட்டாயப்படுத்தவில்லை, வேறு வழி கண்டார் என்பதே அதன் பாடம். பயிற்சி முடிந்து வரும் மகளிடம் ‘எத்தனை மார்க்?’ என்று கேட்கும் நாம், ‘கை எப்படி இருக்கிறது?’ என்றும் கேட்போம். இரவுக் காவல் முடிந்து வரும் தாத்தாவிடமும் அதையே கேட்போம். நாம் கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள்.