ஓடுவது பெரிதல்ல, நிற்க வேண்டுமே!

காப்பிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தை ஒரு நிமிஷம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் காரைப் பற்றிச் சொல்ல வந்தவன் அடுப்பங்கரைக்குள் நுழைகிறானே என்று கோபித்துக் கொள்ளாதீர்கள். காரணம் இருக்கிறது.

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. எதிரே ஓர் ஆடு. வேல்ஸ் நாட்டு மலைச் சாலைகளில் இது சர்வ சாதாரணம். ஓட்டுகிறவர் பிரேக்கை மிதிக்கிறார். டயர் நல்லதாகவும் சாலை காய்ந்தும் இருந்தால், சுமார் 40 மீட்டருக்குள் கார் நின்றுவிடும். ஆடு பிழைத்தது. ஆனால் அந்த வேகம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. உஷ்ணமாக மாறிப் பிரேக்கில் உட்கார்ந்திருக்கிறது. அந்த உஷ்ணத்தைக் கொண்டு ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! வீட்டில் எல்லோருக்கும் காப்பி ஆயிற்று. இத்தனையும் மூன்றே விநாடியில்!

இனி கதைக்கு வருவோம். பிரிட்டனில் காரை உதிரி உதிரியாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாமே பூட்டிக்கொள்ளும் பைத்தியம் ஒன்று வெகு காலமாக உண்டு. 'கிட் கார்' என்பார்கள். காலின் சாப்மன் 1957-ல் வெளியிட்ட 'லோட்டஸ் செவன்' இதில் பெயர் போனது. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பெட்டியில் உதிரியாக வாங்கினால் கிடையாது. வரி என்றால் மனிதனுக்கு எவ்வளவு சுறுசுறுப்பு வந்துவிடுகிறது, பாருங்கள்! 1973-ல் அந்த வரி முறையே மாறிப் போயிற்று. ஆனால் பைத்தியம் போகவில்லை.

இன்னொரு பெயர் 'கோப்ரா'. 1959-ல் பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில் ஜெயித்தவர், அதற்கு முன்பு கோழிப் பண்ணை வைத்திருந்தவர், அமெரிக்கரான கரோல் ஷெல்பி. இங்கிலாந்தின் ஏ.ஸி. கம்பெனி செய்துவந்த ஒல்லியான சிறு காருக்குள் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தால் என்ன என்று 1961-ல் கடிதம் எழுதிக் கேட்டார். மறு வருஷமே கார் பிறந்துவிட்டது. அசல் கோப்ராக்கள் சுமார் ஆயிரந்தான் செய்யப்பட்டன. அதைப் பார்த்து வீட்டிலே கட்டப்பட்ட நகல்கள் அதைப்போல் பல மடங்கு.

அப்படி ஒரு நகலைக் கட்டும் குடும்பஸ்தர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பழைய ஃபோர்டு சியாரா ஒன்றை வாங்கிப் பிரிக்கிறார். அச்சு, ஸ்டியரிங், பிரேக் எல்லாம் அதிலிருந்து. எஞ்சின் மட்டும் ரோவர் கம்பெனியின் எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர். அலுமினியத்தால் ஆனதால் எடை குறைவு. கொஞ்சம் சீர் செய்தால் 200 குதிரைச் சக்தி கிடைக்கும். சியாராவில் முன்பு இருந்ததோ அதில் பாதி.

"எடை ஏறக்குறைய அதேதானே? பழைய பிரேக் ஏன் போதாது?" என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஒரு முறை நிறுத்துவதற்குப் போதும். சந்தேகமே இல்லை. முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். நாலு சக்கரத்தையும் உருளாமல் பிடித்து நிறுத்த அவற்றுக்குப் பலம் உண்டு. சக்கரம் பூட்டிக்கொண்ட பிறகு அதற்கு மேல் காரை நிறுத்த வேண்டியது டயர்தான். அங்கே ராட்சஸப் பிரேக்கை மாட்டினாலும் ஓர் அடி தூரம் குறையாது.

சங்கடம் இரண்டாவது முறையில் ஆரம்பிக்கிறது. முன்பக்கத்து டிஸ்க் ஒவ்வொன்றும் ஐந்து கிலோ என்று வையுங்கள். நூறு கிலோ மீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் அதன் சூடு சுமார் 60 டிகிரி ஏறும். பழைய எஞ்சின் மறுபடி அந்த வேகத்துக்கு வருவதற்குள் காற்று பட்டு டிஸ்க் ஆறிவிடும். புது எஞ்சினோ ஆறவே விடுவதில்லை! அடுத்த வளைவு வருவதற்குள் மீண்டும் நூறு, மீண்டும் மிதி, மேலும் 60 டிகிரி. எஞ்சின் பெரிதானதால் பிரேக்குக்கு நேர்ந்த கஷ்டம் இதுதான். ஓய்வு போய்விட்டது.

வேகமும் லேசுப்பட்டதல்ல. 50 கிலோ மீட்டரை 100 ஆக்கினால் உஷ்ணம் இரட்டிப்பதில்லை, நாலு மடங்காகிறது. எஞ்சின் வாங்கும்போது எத்தனை குதிரை என்று கேட்காத ஆசாமி இல்லை. மேலே சொன்ன அந்த ஒரு நிறுத்தத்தில் பிரேக் சராசரியாகச் செய்த வேலை 180 குதிரைக்குக் குறையாது. அதை யார் கேட்கிறார்கள்?

மலை இறக்கம் இன்னும் மோசம். இத்தாலியில் 2,757 மீட்டர் உயரத்தில் ஸ்டெல்வியோ என்ற கணவாய் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அங்கிருந்து அடிவாரத்துக்குச் சுமார் 1,800 மீட்டர் இறக்கம். நமது ஆயிரம் கிலோ கார் அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிப்படும் உஷ்ணம் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கல்யாண வீட்டு அண்டா! அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் ஏற்றுக்கொள்ளலாம். தாழ்ந்த கியரில் இறங்காதவருக்கு ஏறக்குறைய அவ்வளவும் பிரேக்கின் தலையில்தான்.

பிரேக் கைவிடுவதிலும் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, பேட் சூடேறிப் பிடிப்பை இழப்பது. பெடல் காலுக்குக் கெட்டியாகவே இருக்கும். கார் மட்டும் நிற்காது. மற்றது, நம் மெக்கானிக்குகள் 'பிரேக் ஆயில்' என்கிறார்களே, அது கொதித்துவிடுவது. அது உண்மையில் எண்ணெயே அல்ல. எண்ணெய்க்கு நேர் விரோதமாகத் தண்ணீரை உறிஞ்சும் திரவம். 'டாட் 4' என்ற வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்று விதி. காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழசாகிவிட்டால் 155 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே விதி விட்டுக் கொடுக்கிறது. கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரையைத் தொடும். பக்கத்து ஆசனத்தில் மனைவியை வைத்துக்கொண்டு, வளைவுக்கு முன்னால், அந்த அநுபவம் யாருக்கும் வேண்டாம்.

ஆகையால் நமது குடும்பஸ்தர் முதலில் வாங்க வேண்டியது புதுப் பிரேக் ஆயில். அதற்கு ஆகும் செலவு அற்பம். பிறகு நல்ல பேட். பந்தயக்காரர்களின் பேட் மேல் ஆசைப்பட வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும்; காலையில் கடைக்குப் புறப்படும்போது முதல் திருப்பத்திலேயே காலை வாரிவிடும். டிஸ்க்குக்குக் காற்று வர ஒரு குழாய் அமைப்பதும் நல்லது. இதற்குப் பிறகும் போதாவிட்டால்தான் பெரிய டிஸ்க். ஐந்து கிலோவுக்குப் பதில் எட்டுக் கிலோ, நடுவே காற்றோடும் இடைவெளியுடன். ஒரு நிறுத்தத்துக்கு 60 டிகிரிக்குப் பதில் 37 டிகிரிதான் ஏறும். பெரிய பாத்திரம், மெதுவாய்ச் சூடாகிறது.

'நான்கு பிஸ்டன் காலிப்பர்' என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்குகிறவர்கள் இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நகரும் காலிப்பரில் 54 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்று. மற்றதில் 38 மில்லிமீட்டர் பிஸ்டன் நான்கு, ஆனால் பக்கத்துக்கு இரண்டு. பிடிமானத்துக்கு ஒரு பக்கத்து இரண்டைத்தான் எண்ண வேண்டும். பரப்பைக் கணக்கிட்டால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்! விறைப்பும் சீரான அழுத்தமும் லாபம். நாலு மடங்குப் பலம் என்பது பிரமை. மாஸ்டர் சிலிண்டரிலும் இதே கதை. முக்கால் அங்குலத்தை முக்காலே அரைக்கால் அங்குலமாக, அதாவது அங்குலத்தில் எட்டில் ஏழு பாகமாக, மாற்றினால் பெடலின் ஓட்டம் குறையும். ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக உழைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பங்கீடு. நிறுத்தும்போது கார் முன்னால் குனிகிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன. சியாராவுக்கு எவ்வளவு குனியும் என்று கணக்கிட்டு அதன் பிரேக்கை அமைத்திருக்கிறார்கள். கோப்ரா நகல் தாழ்வானது, எஞ்சின் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, ஓட்டுகிறவரே பின் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பழைய பங்கீடு இதற்குப் பொருந்துமா? முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் பின்பக்கம் சும்மா வேடிக்கை பார்க்கும். பின்பக்கத்தை மிஞ்சவிட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு, கார் பம்பரம்போல் சுழன்று பின்புறத்தை முன்னே காட்டும். பிரிட்டனில் 2009 முதல் இத்தகைய கார்களுக்கு நடக்கும் அரசாங்கப் பரிசோதனையில், பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பதும் இதனால்தான். பின்பக்கத்து அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை வைத்து, ஆளில்லாத இடத்தில், குறைந்த வேகத்தில் தொடங்கி, ஒரு நண்பரை வெளியே நின்று சக்கரங்களைப் பார்க்கச் சொல்லிக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருகிச் சரி செய்ய வேண்டும். ஒரு சாயங்காலம் முழுவதும் போகும். போகட்டும்.

ஒன்றை மறந்துவிட்டேன். பின்பக்கத்துக்கு அழகான நான்கு பிஸ்டன் காலிப்பரைப் பூட்டிய பலர், அதில் கைப் பிரேக் மாட்ட இடமே இல்லை என்பதைப் பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். கைப் பிரேக்கோ இயந்திர முறையில் தனியே பிடித்து நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே அதற்கென்று இன்னொரு குட்டிக் காலிப்பர் வாங்க மறுபடியும் கடைக்கு ஓட வேண்டியதுதான். அது வந்து சேரும்வரை, சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்க வீட்டுக்கார அம்மாள் இறங்கித்தான் ஆக வேண்டும்!